இருபது விநாடியில் காணாமல் போனவர்கள்

ஷட்டர் பொத்தானை அழுத்துவது யாருக்கும் வரும். அழுத்திய விரலை எடுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று கேள்வி கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் தொழில். இதைப் படித்ததும் தலையாட்டுகிறவர்கள் என் இனம். கேமராவில் ‘பல்ப்’ என்று ஒரு வசதி இருப்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் வைத்துவிட்டால், விரல் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும். இருட்டான இடத்தில் பத்து விநாடி, இருபது விநாடி என்று வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் படமாக்க முடியும். அதற்குள் கேமரா துளி ஆடினாலும் எல்லாம் வீண்.

நான் கவரப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குள் போய் மெஷின்களை எடுப்பது என் பங்கு. மாப்பிள்ளையின் சித்தப்பாக்களைவிட மெஷின்கள் சொன்னபடி நிற்கும் என்று நம்பித்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

சென்ற வருஷம் ஒரு வார்ப்பு ஆலையில் ஒன்பது நாள் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். இரும்பை உருக்கி, மண் அச்சில் ஊற்றி, பம்பு உறைகளும் வால்வுகளும் செய்கிற இடம். வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள், வரவேற்பறைச் சுவர் முழுக்க உலைக்கூடத்தின் படம் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்த ஒன்பது நாளில் எனக்கு ஏறிய கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

ஓர் ஆள்கூட இல்லாத கொட்டகை

காலை பதினொரு மணிக்கே உலைக்கூடத்தில் சாயங்காலம் மாதிரி இருக்கும். கூரைத் தகடெல்லாம் பல வருஷத்துக் கரி. முதல் நாள் சோதனைக்காக ஸ்டாண்டைப் போட்டு, இருபது விநாடி திறந்து வைத்தேன். என் கண் முன்னால் நாற்பது பேராவது வேலை செய்துகொண்டிருந்தார்கள். மண் அள்ளினார்கள், அச்சைத் தூக்கி வைத்தார்கள், தள்ளுவண்டியை உருட்டினார்கள். மூடிவிட்டுத் திரையைப் பார்த்தால் ஓர் ஆள் இல்லை. உலை இருக்கிறது, அச்சுகள் வரிசையாக இருக்கின்றன, சுவரில் சாய்த்து வைத்த மண்வெட்டிகூட இருக்கிறது. நடமாடுகிறவர்கள் ஓரிடத்தில் நிற்காததால் அவர்கள் எங்கேயும் பதியவில்லை. ஒரு மூலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல். யாருடைய முழங்கையோ.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது பேரை எதிரில் வைத்துக்கொண்டு காலிக் கொட்டகையை எடுத்து வைத்திருக்கிறேன். அழித்துவிட்டு வேறு விதமாக எடுக்கலாம் என்று கை வைத்த நேரத்தில், பின்னாலிருந்து ஆலை மேனேஜர் எட்டிப் பார்த்தார். மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இதுதான் மேடம் எனக்கு வேணும்! ஒருத்தர்கூட இல்லாம எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க!”

ஏழுமலை கேட்டது

சாப்பாட்டு மணி அடித்ததும் ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருவம் பாதி பொசுங்கிப் போயிருந்தது. மஞ்சள் ஹெல்மெட்டில் பெயிண்டால் 214 என்று அவர் நம்பர் எழுதியிருந்தது. ஏழுமலை என்று பெயர் சொன்னார். உருக்கிய இரும்பை லேடிலில், அதாவது நீளக் காம்பு வைத்த பெரிய கரண்டியில் வாங்கி வந்து அச்சில் ஊற்றுவது அவர் வேலை. திரையைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். உலை ஓரத்தில் விரலை வைத்து, “நான் இங்கதான மேடம் இருந்தேன்?” என்றார். அங்கே தரை மட்டும் தெரிந்தது.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பதினான்கு வருஷமாக அதே உலையில் ஊற்றுகிறார். வருஷா வருஷம் காண்ட்ராக்டர் பெயர் மாறும், கேட் பாஸ் மாறும், சர்வீஸ் முதலிலிருந்து ஆரம்பிக்கும். எல்லாக் காண்ட்ராக்டரும் தாளில் அவரை எழுதியிருப்பது ‘ஹவுஸ் கீப்பிங்’ என்று. பெருக்கித் துடைக்கிறவராம்! நிரந்தரம் செய்யச் சொல்லித் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். நீ ஊற்றுகிறவன் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பதினான்கு வருஷத்தில் அந்தக் கொட்டகைக்குள் வந்த ஒரே கேமரா என்னுடையது. அதில்தான் அவர் இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. நெருப்புக்கு முன்னால் நிற்கிற மனிதனைத் துடைப்பம் பிடிக்கிறவன் என்று எழுதிய கை எது என்று தேடிப் போய்க் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என் கையும் சுத்தமில்லை. எடுக்கிற படம் எதையும் வெளியே யாருக்கும் தர மாட்டேன் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தேன். மீறினால் இந்தப் பக்கத்தில் ஒரு ஆலையும் என்னை உள்ளே விடாது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

“நீங்க குடுக்க வேணாம் மேடம். மொதல்ல நான் அதுல இருக்கணும், மத்ததெல்லாம் அப்பால பாத்துக்கலாம்.”

ஆடுகிற தரை

சரி, எப்படியாவது இந்த மனிதரைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இரண்டாம் நாள் போனால், தரை ஆடுகிறது. ஆறிய வார்ப்பிலிருந்து மண்ணை உதிர்க்க ஒரு மெஷின் உண்டு. அது உதறினால் நம் பல்லும் சேர்ந்து ஆடும். ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் கீழே ரப்பர் வைத்தேன். மண் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். நானே கட்டிப் பிடித்துக்கொண்டும் பார்த்தேன். எடுத்த பதினோரு படத்திலும் உலை இரண்டு உலையாகத் தெரிந்தது.

அங்கிருந்த ஷிப்ட் சூப்பர்வைசரிடம் போய், இருபதே விநாடி அந்த மெஷினை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். என் நிலத்தைப் பிடுங்கிக்கொள்கிறாயா என்று கேட்பது போலப் பார்த்தார். வேலை நிற்கும், கணக்குக் குறையும், மேலே பதில் சொல்ல வேண்டும் என்று அடுக்கினார். அவர் அடுக்கிய நேரத்தில் நான் மூன்று படம் எடுத்திருக்கலாம். கடைசியில் அரை மணி நேரம் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து நானே கண்டுபிடித்தேன். ஒரு அச்சை இறக்கி அடுத்ததை ஏற்றும் இடைவெளியில் அந்த மெஷின் இருபத்திரண்டு விநாடி சும்மா இருக்கிறது. தினமும் அதன் பக்கத்திலேயே நிற்கிற சூப்பர்வைசருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை.

“ஒரு போட்டோவுக்குப் போய் மெஷின நிறுத்தச் சொல்றீங்களே மேடம், உங்க கேமராவ கொஞ்சம் ஆடாம இருக்கச் சொல்லக் கூடாதா?”

டார்ச் அடித்த கருணை

வெளியாள் உள்ளே போனால் கூடவே ஒரு காவலாளி வர வேண்டும் என்பது அங்கே விதி. எனக்கு வாய்த்தவர் வெங்கடேசலு. ஆரம்பாக்கத்துக்காரர். நல்ல மனுஷர், அதில்தான் ஆபத்தே. நான்காம் நாள் எல்லாம் கூடி வந்தது. மெஷின் நின்றது. ஏழுமலை உலைக்குப் பக்கத்தில் லேடிலோடு வந்து நின்றார். நான் பொத்தானை அழுத்தி, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறாவது எண்ணும்போது கூடத்தில் பளீரென்று ஒரு வெளிச்சம். வெங்கடேசலு என் பின்னாலிருந்து டார்ச் லைட்டை ஏழுமலையின் முகத்தைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறார். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு நாலடி பின்னால் நகர்ந்துவிட்டார். படத்தில் மனிதர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

நான் கத்திவிட்டேன். கத்தியது தப்புத்தான், ஆனால் அன்றைக்கு அந்த இடைவெளி திரும்பக் கிடைக்கவில்லை. வெங்கடேசலுவுக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று முழுக்க என்னோடு பேசாமல், சூப்பர்வைசரிடம் போய் என் காது கேட்கப் புலம்பினார்.

“இருட்டுல எடுத்துகினு பேஜார் பட்றாங்களேன்னு பாவம் பாத்து லைட்டு அடிச்சேன் நைனா, அதுக்குப் போயி இந்தம்மா இன்னா கத்து கத்துது!”

மூன்று கால் வைத்தவர்கள்

ஆலையை வெளியிலிருந்தும் ஒரு படம் கேட்டிருந்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கழனி. சாயங்காலம் வரப்பில் ஸ்டாண்டைப் போட்டு, லென்ஸுக்குக் கறுப்பு ஃபில்டர் மாட்டி, ஒரு நிமிஷம் திறந்து வைத்தால் ரோட்டில் போகிற லாரிகள் எல்லாம் மறைந்து, புகை மட்டும் மெத்தென்று வரும். அழுத்தி நாற்பது விநாடி போயிருக்கும். யாரோ ஸ்டாண்டின் ஒரு காலைக் கெட்டியாகப் பிடித்து ஆட்டினார். நிலத்துக்காரர். மடித்துக் கட்டிய வேட்டி, கையில் மண்வெட்டி. “இன்னா அளக்கற? யாரு அனுப்சாங்க?” என்றார்.

போட்டோ எடுக்கிறேன் என்றேன். நம்பவில்லை. போட்டோவா, ‘கிளிக்’ சத்தமே வரலியே, ஒரு நிமிஷமா ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான் செய்வது சர்வேக்காரர் வேலை மாதிரிதான் இருக்கும். திரையைக் காட்டினேன். தன் நெல்லும் அதற்குப் பின்னால் ஆலையும் ஆடிப்போய்த் தெரிந்ததைப் பார்த்த பிறகுதான் காலை விட்டார். படம் போன ஆத்திரத்தில் நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் என் ஆத்திரம் அவரை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“போன தபாவும் இப்டிதாம்மா, சும்மா பாக்கறோம்னு சொல்லிகினு மூணு கால் ஸ்டேண்ட வெச்சாங்க. அப்பால பாத்தா என் அண்ணன் கழனி மேல கம்பெனி காம்பவுண்டு நிக்குது.”

ஊற்றும்போது

ஆறு நாள் போயும் ஏழுமலை படத்தில் விழவில்லை. உருகிய இரும்பின் மேல் மிதக்கிற கசடை வழிக்கும்போது எடுத்தால் புகை மாதிரி வந்தார். லேடிலைத் தூக்கி நடக்கும்போது எடுத்தால் வரவே இல்லை. சும்மா நிற்க வைத்து எடுக்கலாம் என்றால், “இன்னாய்யா போஸ் குடுக்கற?” என்று சூப்பர்வைசர் விரட்டினார். மேனேஜரோ, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது எடுத்துக்கொள்ளுங்கள் என்று தினமும் நச்சரித்தார். உருக்கிய இரும்பு விழுகிற வெளிச்சம் இல்லாமல் சுவர் அளவுக்குப் படம் நிற்காது என்று சண்டை போட்டு, ஊற்றும் நேரத்தில் எடுக்க அனுமதி வாங்கினேன்.

ஏழாம் நாள். மெஷின் நின்றது. ஏழுமலை கண்ணாடி முகமூடியைத் தூக்கி ஹெல்மெட் மேல் விட்டுக்கொண்டார். அது கூடாது, ஆனால் ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியும். லேடிலைச் சாய்த்தார். இரும்பு விழ ஆரம்பித்ததும் அழுத்தினேன். இதை டைமரில் போட முடியாது. ஊற்றுவது எப்போது நிற்கும் என்று டைமருக்கு எப்படித் தெரியும்? இரும்பின் கோடு கண்ணைக் குருடாக்கும் வெளிச்சம் என்பதால், ஒரு கையால் கறுப்பு அட்டையை லென்ஸின் அந்த ஓரத்துக்கு முன்னால் மறைத்து மறைத்து எடுத்தேன். பதினெட்டு விநாடி. அச்சு நிரம்பியது, லேடில் நிமிர்ந்தது, விரலை எடுத்தேன்.

திரையைப் பார்த்தேன். கொட்டகையில் மற்ற எல்லோரும் காணாமல் போயிருந்தார்கள். நடுவில் ஏழுமலை மட்டும். பொசுங்கிய புருவம், வியர்வை, ஹெல்மெட்டில் 214, எல்லாம் கல்லில் வெட்டினாற்போல் அவ்வளவு துல்லியம். ஒருவர் பதினெட்டு விநாடி இப்படி நின்று நான் பார்த்ததில்லை. கல்யாண மேடையில் ஒரு விநாடி நிற்கச் சொன்னாலே நான்கு பேர் கண்ணை மூடுவார்கள். எப்படி அசையாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது மாதிரி அவர் சிரித்தார்.

“அசைஞ்சா மெட்டலு நடுவுல கட்டாயிடும் மேடம், மோல்டு வேஸ்ட்டு. ஊத்தி முடிக்கற வரிக்கும் மூச்சு கூட உடமாட்டோம்.”

அந்த ஆளை மட்டும்

மேனேஜர் படத்தைப் பார்த்து முதலில், “பிரமாதம்!” என்றார். பிறகு கிட்டே வந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அந்த ஆளை மட்டும் எடுத்துடுங்க” என்றார். ஏன் என்று கேட்டேன். பார்வைக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். எங்கள் ஆலையில் எல்லாம் ஆட்டோமேட்டிக் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறதாம். நிஜக் காரணம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஹவுஸ் கீப்பிங் ஆள் கையில் லேடில் இருக்கிற படத்தை யார் சுவரில் மாட்டுவார்கள்?

நான் எடுக்க மாட்டேன் என்றேன். படம் எடுப்பது என் வேலை, ஆளை எடுப்பது இல்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. ஏசி அறையிலும் எனக்கு வியர்த்தது. அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒப்பந்தத்தாளை எடுத்து, நான் கையெழுத்துப் போட்ட இடத்தைத் தடவிக் காட்டினார்.

“படம் எங்களோடது மேடம். அதுல யார வெக்கறது, யார எடுக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம்.”

அந்தரத்தில் ஒரு லேடில்

அவர்கள் ஆபீஸில் யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏழுமலையை அழித்திருக்கிறார்கள். தலையை அழித்தார்கள், உடம்பை அழித்தார்கள், கையை அழித்தார்கள். ஆனால் இரும்பு விழுகிற கோடு அழகாக இருக்கிறதே, அதை விட மனசு வரவில்லை. கோடு இருந்தால் லேடிலும் இருக்க வேண்டும். ஆக, பத்தடிச் சுவரில் ஒரு லேடில் யாரும் பிடிக்காமல் அந்தரத்தில் சாய்ந்து, தானாக இரும்பு ஊற்றிக்கொண்டிருந்தது. அச்சடித்து மாட்டும் வரை அந்த ஆபீஸில் ஒருவர் கண்ணுக்கும் அது உறுத்தவில்லை. ஆள் இல்லாமல் வேலை நடக்கும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கிறார்கள் போல.

வந்த வாடிக்கையாளர்கள் சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றார்களாம். உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரு மெஷின் பார்த்ததில்லை, உடனே காட்டுங்கள் என்றார்களாம். ரிப்பேரில் இருக்கிறது என்று அன்றைக்குச் சமாளித்திருக்கிறார்கள். நாளை மறுநாள் திரும்பி வருகிறோம், அதற்குள் சரி செய்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதையெல்லாம் வெங்கடேசலு பிறகு எனக்குச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அன்று வந்தது மேனேஜரின் போன் மட்டும். அவர் குரலில் பழைய நிதானம் இல்லை.

“மேடம், ஒரு சின்ன ஹெல்ப். அந்த ஆளத் திரும்ப உள்ள வெக்க முடியுமா? இங்க பழைய படத்து மேலயே சேவ் பண்ணிட்டாங்க. நாளைக்குள்ள வேணும்.”

பார்க்க முடியாத சுவர்

மாட்டேன் என்று சொல்லிக் கொஞ்சம் அலைக்கழித்திருக்கலாம். அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் போனை வைத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது. பத்து நிமிஷத்தில் மூலப் படத்தை, சுவர் அளவுக்கு, துளியும் சுருக்காமல் அனுப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் எந்த வாடிக்கையாளருக்கும் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. மறுநாள் ஏழுமலை அந்தச் சுவரில் ஏறினார். நிஜ ஆளைவிட ஒரு பிடி உயரம். ஹெல்மெட்டில் இருந்த 214 கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்றார் வெங்கடேசலு. வாடிக்கையாளர்கள் வருகிற அவசரத்தில், ஹவுஸ் கீப்பிங் என்று தாளில் எழுதிய ஆளை லேடிலோடு மாட்டுகிறோம் என்பதை மேனேஜர் யோசிக்கவே இல்லை.

ஏழுமலை மட்டும் அதைப் பார்க்கவில்லை. காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பின்பக்கத்து கேட். வரவேற்பறைப் பக்கம் வந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். தன் முகம் எப்படி வந்திருக்கிறது என்று அவர் வெங்கடேசலுவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

போன மாசம் ஸ்டுடியோவுக்கு வந்தார். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்ததாம். ஆலைத் தரப்பில் வந்தவர், இவர் பெருக்குகிற ஆள், உலைப் பக்கமே போனதில்லை என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி இவரைத் திரும்பிப் பார்த்து, ஊற்றுகிறவன் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று பழைய கேள்வியையே கேட்டிருக்கிறார். கேஸ் இன்னும் முடியவில்லை. நேரில் போய்ப் பார்ப்பதாக அதிகாரி குறித்துக்கொண்டாராம். அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, அங்கே நின்ற மாதிரியே நின்று ஏழுமலை சொல்லிக் காட்டினார்.

“ஆதாரம் அவங்க ரிசப்ஷன் சுவத்துலயே மாட்டிகீது சார். எனக்கு உள்ள போவ பர்மிஷன் இல்ல, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க.”

பதினான்கு வருஷமாகத் தெரியாத ஒரு மனிதர் பதினெட்டு விநாடியில் தெரிந்துவிட்டார் என்றால், ஆளே தெரியவில்லை என்று இனி யார் சொன்னாலும் என் கேமராவைச் சந்தேகப்படப் போவதில்லை, சொல்கிறவரைத்தான் சந்தேகப்படுவேன் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது.